புருவத்தில் விட்ட இடம்

பிப்ரவரி 9

கொக்கு மாமா,

உங்களை இப்படிக் கூப்பிட்டு ரொம்ப நாளாகிவிட்டது. நேற்றுப் போனில் கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன், வரவில்லை. நீங்களும் பேசவில்லை. உங்கள் மூச்சு மட்டும் கேட்டது, பின்னால் யாரோ சுவரில் ஓட்டை போடுகிற சத்தம். அப்புறம் "சரி, வைக்கவா?" என்றீர்கள். நானும் வையுங்கள் என்றேன். இதற்கு ஒரு போனா? அதனால்தான் எழுதுகிறேன். ஐந்தாவது வரை படித்தவள் எழுத்து. பிழை இருந்தால் உங்களுக்குள்ளேயே சிரித்துக்கொள்ளுங்கள், அறையில் இருப்பவர்களுக்குப் படித்துக் காட்டாதீர்கள்.

சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். இரண்டும் பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை.

திங்கட்கிழமை காய்ச்சல் என்று படுத்தவள் வியாழக்கிழமை இல்லை. ஐந்து மாதம் ஆகிறது, எனக்கு இன்னும் அது இன்றைக்கு வந்த செய்தி மாதிரியே இருக்கிறது. தினமும் காலையில் கண் விழித்ததும் யாரோ வந்து புதிதாகச் சொல்கிறார்கள், நம் பாப்பா இல்லை என்று. தினமும் நான் தூக்கிவாரிப் போட்டு எழுந்திருக்கிறேன். பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு அப்படி ஆகுமா என்று தினமும் கேட்கிறேன்.

உங்கள் மேல் எனக்கு ஒரு வருத்தம் இருக்கிறது, எழுதிவிடுகிறேன். நீங்கள் வெளியூர் வேலைக்குத் திரும்பியபோது வீட்டில் இருந்த அவள் படத்தையெல்லாம் கழற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டு போய்விட்டீர்கள். சுவரில் ஆணி மட்டும் நிற்கிறது. என் போன் பட்டன் போன். அவள் போன் பூட்டிக் கிடக்கிறது, திறக்கிற எண் அவளோடு போய்விட்டது. மாமா, எனக்கு அவள் முகம் வரமாட்டேன் என்கிறது. கண்ணை மூடினால் மூக்கு தனியாக வருகிறது, காது தனியாக வருகிறது. சேர்த்து வைத்தால் வேறு யாரோ ஆகிவிடுகிறது. பெற்றவளுக்கு இப்படி ஆகலாமா?

கம்பெனியில் ஒரு விஷயம். துணிக்கடைப் பொம்மைகளுக்கு முகம் எழுதுகிற பெயிண்டர் அண்ணன் வேலையை விட்டுவிட்டார். காருக்குப் பெயிண்ட் அடிக்கிற இடத்துக்குப் போகிறாராம். "காரு நம்மளத் திருப்பிப் பார்க்காது, நிம்மதி" என்று சொல்லிவிட்டுப் போனார். யாருக்குப் பிரஷ் பிடிக்க வரும் என்று முதலாளியம்மா கேட்டார். நான் குனிந்து தேய்த்துக்கொண்டே இருந்தேன். உங்களுக்குத்தான் தெரியுமே, நான் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தே கைரேகையைத் தொலைத்தவள். ஸ்பிரே அக்காதான் என்னைப் பிடித்து முன்னால் தள்ளினாள். "இவ கை நடுங்காது மேடம். குடுத்துப் பாருங்க."

மூக்கு உடைந்த ஒரு கழிசல் தலையைக் கொடுத்து, இதில் எழுதிப் பார் என்றார்கள். உடைந்த மூக்கோடு எப்படி எழுதுவது? முதலில் புட்டிப் பசை வைத்து மூக்கை உருவாக்கினேன். மூக்கு வந்ததும் கன்னம் பெரிதாகத் தெரிந்தது, தேய்த்தேன். தாடை சரியில்லை, அங்கேயும் கொஞ்சம் வைத்தேன். அப்புறம்தான் பிரஷ். சாப்பாட்டு மணி அடித்தபோதுதான் நிமிர்ந்தேன்.

அதுவரைக்கும் நான் பாப்பாவை நினைக்கவே இல்லை, மாமா. திடுக்கென்றது. அரை நாள் அவளை மறந்திருந்தேனா? பயந்துபோய்ப் பிரஷ்ஷைக் கீழே போட்டுவிட்டேன். ஆனால் சாப்பிட்டு வந்ததும் மறுபடி எடுத்துக்கொண்டேன். இது தப்பா?

உங்கள்
மூக்கி


பிப்ரவரி 17

மூக்கி,

கடிதம் கிடைத்தது. இரண்டு தடவை படித்தேன். யாருக்கும் காட்டவில்லை.

இங்கே நான்கு மாடித் துணிக்கடை. திறப்பதற்குள் விளக்கு வேலை முழுதும் முடிய வேண்டும். நாள் முழுக்க ஏணி மேல்தான். கீழே இருப்பவன் "மேல மழையா வெயிலா அண்ணே?" என்று கேட்கிறான். நீ வைத்த கொக்கு என்ற பெயர் இங்கே யாருக்கும் தெரியாது. அவர்களாகவே ஒன்று வைத்திருக்கிறார்கள், அதை எழுத மாட்டேன்.

படத்தை உன்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தேன் என்று நினைக்காதே. நான் கிளம்பின அன்று காலையில் நீ அந்தப் படத்துக்கு முன்னால் தட்டை வைத்துக்கொண்டு "ஒரு வாய், ஒரே ஒரு வாய்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாய். உனக்கு நினைவிருக்கிறதோ என்னவோ. அதனால் எடுத்தேன். துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். நானும் பார்க்கவில்லை. பெட்டியைத் திறக்கவே இல்லை. சட்டை வைத்துக்கொள்ள வேறு பை வாங்கிவிட்டேன்.

அரை நாள் மறந்திருந்தால் நல்லதுதான். தப்பு ஒன்றுமில்லை. எனக்கு அரை நிமிஷம்கூடக் கிடைக்கவில்லை. ஆனால் பொம்மைக்குக் கண் எழுதுவதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. கடைக்கு வருகிறவர்கள் பொம்மையின் முகத்தையா பார்க்கிறார்கள்? துணியைப் பார்ப்பார்கள், விலைச் சீட்டைத் திருப்பிப் பார்ப்பார்கள். வேலை வந்தால் செய், போனால் விடு. என் வேலையும் அப்படித்தான். விளக்கு எரியும், இல்லையென்றால் எரியாது. அதற்குமேல் அதில் என்ன இருக்கிறது?

வேளைக்குச் சாப்பிடு.

நான்


மார்ச் 3

கொக்கு மாமா,

தட்டு வைத்தது எனக்கு நினைவில்லை. நீங்கள் எழுதிய பிறகு உட்கார்ந்து யோசித்தேன், அப்படியும் வரவில்லை. அந்த மாதம் நான் இன்னும் என்னென்ன செய்தேனோ, யாரிடம் கேட்பது?

சரி, ஒரு சேதி சொல்கிறேன். அந்தக் கழிசல் தலையை முதலாளியம்மா ஜன்னலுக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யார் செஞ்சது இது?" என்றார். எங்கள் இடத்தில் அந்தக் கேள்வி வந்தால் யாரோ எதையோ உடைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஸ்பிரே அக்கா என் முதுகில் ஒரு குத்து விட்டு, "இவதான் மேடம், புதுசு, மன்னிச்சிடுங்க" என்றாள்.

"எதுக்கு மன்னிப்பு? மத்த மூஞ்சியெல்லாம் சுவத்தப் பார்க்குது. இது என்னைப் பார்க்குது" என்றார்.

அந்தத் தலையிலிருந்தே புது அச்சு எடுத்துவிட்டார்கள், மாமா. இப்போது அச்சிலிருந்து தலை தலையாக வருகிறது. ஸ்பிரே அக்கா தோல் நிறம் அடித்துத் தருகிறாள், நான் முகம் எழுதுகிறேன். ஊர் ஊராகக் கடை வைத்திருக்கிற துணிக்கடைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, எங்கள் எல்லாக் கடைக்கும் இந்த முகம்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஜன்னல் பக்கமாக எனக்கென்று ஒரு மேஜை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். இத்தனை வருஷம் தூசிக்குள் உட்கார்ந்திருந்தவளுக்கு வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது. "மேஜைக்காரியம்மா, எங்களையெல்லாம் ஞாபகம் இருக்கா?" என்று தேய்ப்புப் பெண்கள் கேட்டுக்கொண்டு போகிறார்கள்.

ஒரே ஒரு குறை. இடது புருவம் எழுதும்போது ஒரு இடத்தில் பிரஷ் தானாக மேலே தூக்கிக்கொள்கிறது. மெல்லிய இடைவெளி விழுந்துவிடுகிறது. அடைக்கலாம் என்று போனால் கை வரமாட்டேன் என்கிறது. முதலாளியம்மாவிடம் சொன்னேன். "அப்படியே விடு. இப்ப பொண்ணுங்க காசு குடுத்துப் புருவத்த வெட்டிக்கிறாங்க, நீ சும்மாவே போடுற" என்றார். சரி, கை பழகினால் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

காலையில் அந்தச் செய்தி இன்னும் வருகிறது, பாப்பா இல்லை என்று. அது வராத நாள் இல்லை. ஆனால் இப்போது அதன் பின்னாலேயே இன்னொன்றும் வருகிறது. உதட்டுச் சிவப்பில் துளி பழுப்புக் கலந்து பார்க்கலாமா என்று. எனக்கே வெட்கமாக இருக்கிறது, ஆனால் கால் அதற்காகத்தான் செருப்பைத் தேடுகிறது. முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்று எழுதியிருந்தீர்களே, போங்கள். பார்க்கிறார்கள்.

மூக்கி


மார்ச் 21

நீ என்ன செய்து வைத்திருக்கிறாய்?

இன்றைக்குக் கடைக்கு உங்கள் கம்பெனிப் பொம்மைகள் வந்து இறங்கின. தலை முதல் கால் வரை பிளாஸ்டிக் சுற்றி மூலையில் கூட்டமாக நிறுத்தியிருந்தார்கள். நான் வாசல் கண்ணாடிக்கு மேலே விளக்கு மாட்டிக்கொண்டிருந்தேன். விளக்கை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று தெரிவதற்காகக் கீழே இருந்தவன் ஒன்றை இழுத்து வந்து பிளாஸ்டிக்கைப் பிரித்தான்.

பாப்பா.

ஏணியிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியாது. முட்டி கிழிந்திருக்கிறது, அதனால் விழுந்திருப்பேன். அதோடு முடிந்ததா? அடுத்ததைப் பிரித்தார்கள். அதுவும் அவள். அதற்கு அடுத்ததும் அவள். என் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்து முகத்தைக் கழுவிவிட்டு வந்தேன். அப்படியே நின்றாள்.

உடுப்பு இல்லை, மூக்கி. ஒன்றின் மேலும் ஒரு துண்டுத் துணி இல்லை. ஒருவன் அவள் கையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டான். இன்னொருவன் இடுப்பில் கை போட்டுத் தூக்கி, "வாடி, மாடிக்குப் போலாம்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துவிட்டேன். "அண்ணே, பொம்மைண்ணே! பொம்மை!" என்று அலறினான். பொம்மை என்று எனக்குத் தெரியாதா? என் சட்டையைக் கழற்றி அவள் மேல் போர்த்தினேன். அத்தனை பேருக்கும் நடுவில் வெறும் உடம்போடு நின்றேன். "மண்டைக்குச் சூடு ஏறிடுச்சு, உட்கார வைங்கடா" என்றார் காண்டிராக்டர். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். என்ன சொல்லட்டும்?

மாடிப்படியில் விழுந்து புருவத்தில் தையல் போட்டோமே, அந்த வெட்டு. அதைக்கூட நீ விடவில்லை.

யாரைக் கேட்டுச் செய்தாய்? என் பெண்ணை ஊர் ஊராகக் கண்ணாடிக்குள் நிறுத்தி வைக்க உனக்கு எப்படி மனசு வந்தது? அந்த அச்சை உடை. பிரஷ்ஷைத் தூக்கிப் போடு. உப்புத்தாளுக்கே திரும்பிப் போ, இல்லையென்றால் வேலையை விட்டுவிடு. முடியாது என்றால் இனி எனக்கு எழுதாதே.


மார்ச் 27

மாமா,

சத்தியமாக எனக்குத் தெரியாது.

உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். நீங்கள் என்னவோ கனவு கண்டு எழுதியிருக்கிறீர்கள் என்றே நினைத்தேன். காலையில் முதல் ஆளாகப் பட்டறைக்குப் போய் விளக்கைப் போட்டேன். முந்தின நாள் நான் எழுதி முடித்த தலைகள் அலமாரியில் காய்ந்துகொண்டிருந்தன. தினமும் பார்க்கிற முகங்கள்தான். அதுவரைக்கும் அது என் வேலை. அன்றைக்கு அலமாரி முழுக்கப் பாப்பா.

எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ. ஸ்பிரே அக்கா வந்துதான் என் தோளைத் தொட்டாள்.

"என்னடி, பேயடிச்ச மாதிரி நிக்கிற?"

"அக்கா, இது என் பொண்ணு."

"எது?"

"எல்லாமே."

அக்கா பாப்பாவைப் பார்த்ததில்லை. துக்கத்துக்கு வீட்டுக்கு வந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள். அவள் ஒவ்வொரு தலையாகப் போய் நின்று பார்த்தாள். "ரொம்ப அழகா இருந்திருக்காடி" என்றாள். அப்புறம் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள். "இதுங்களுக்கெல்லாம் தோலு நிறம் நான்தானடி அடிச்சேன். யார்கிட்டயோ சண்டை போட்டுட்டு வந்து அந்தக் கோவத்துல அடிச்சேனே. சொல்லியிருந்தா நிதானமா அடிச்சிருப்பேனே." நான் அழவில்லை. எனக்குப் பல் கிட்டிப்போயிருந்தது.

நீங்கள் சொன்னபடி உடைத்துவிடலாம் என்று சுத்தியலை எடுத்துக்கொண்டு அச்சு வைத்திருக்கிற இடத்துக்குப் போனேன். அச்சு என்றால் முகம் வெளியே நீட்டிக்கொண்டிருக்காது, மாமா. எல்லாம் உள்பக்கம். மூக்கு இருக்கிற இடத்தில் பள்ளம், கன்னம் இருக்கிற இடத்தில் பள்ளம். ஆனால் எட்ட நின்று பார்த்தால் பள்ளம் என்று தெரியவே தெரியாது, முகம் மேலே எழுந்து வந்துவிடும். நான் இந்தப் பக்கம் நகர்ந்தேன், அவள் இந்தப் பக்கம் திரும்பினாள். அந்தப் பக்கம் போனேன், அங்கேயும் திரும்பினாள். எத்தனை வருஷமாக அச்சுகளோடு கிடக்கிறேன், எல்லா அச்சும் அப்படித்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? எங்கே நின்று அடிப்பேன்? சுத்தியலை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

யாரைக் கேட்டுச் செய்தாய் என்று கேட்டீர்கள். யாரைக் கேட்பேன்? வீட்டில் யார் இருக்கிறார்கள்? படத்தை நீங்கள் கொண்டுபோய்விட்டீர்கள். என் தலைக்குள் இருந்தவளும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தாள். கை மட்டும் விடவில்லை. அவளைக் குளிப்பாட்டின கை, அவள் தலையை வாரின கை, தையல் பிரித்த பிறகு அந்தப் புருவத்தில் தினமும் எண்ணெய் தடவின கை. அது என்னையும் கேட்கவில்லை, மாமா. உங்களுக்காவது ஒரு பொம்மையின் பிளாஸ்டிக்கைப் பிரித்துக் காட்டினார்கள். எனக்கு என் கையே பிரித்துக் காட்டியிருக்கிறது, நான் பார்க்காமல் உதட்டுக்கு நிறம் கலந்துகொண்டிருந்திருக்கிறேன்.

ஆனால் உடுப்பில்லாமல் நின்றாள் என்று எழுதியிருந்தீர்களே. அந்த இடத்தைப் படித்துவிட்டு வாந்தி எடுத்தேன். சட்டையைக் கழற்றிப் போர்த்தினீர்களே, அந்த வரியை மறுபடி மறுபடி படித்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், திட்டினாலும் திட்டுங்கள். அன்றைக்கு அதற்குப் பிறகு நான் வேலை செய்யவில்லை. அவள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். மூக்கும் காதும் இப்போது தனித்தனியாக வருவதில்லை.

எழுதாதே என்றீர்கள். எழுதிவிட்டேன்.

மூக்கி


ஏப்ரல் 6

மூக்கி,

கொக்கு என்று போடாமல் வெறும் மாமா என்று எழுதியிருந்தாய். அறைந்த மாதிரி இருந்தது.

அன்றைக்குப் பிறகு நான் வேலைக்குப் போகவில்லை. அறையிலேயே படுத்துக் கிடந்தேன். வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்கிறேன் என்று காண்டிராக்டர் சொல்லி அனுப்பினார். அப்போதுதான் பெட்டியைத் திறந்தேன். படத்தை எடுத்துப் பார்த்தேன். நெற்றி மட்டும் கொஞ்சம் மாறியிருக்கிறது. மற்றதெல்லாம் அவளேதான். படம் பார்த்து வரைகிறவனுக்குக்கூட இப்படி வராது. உனக்குப் படம் பார்க்காமலே வந்திருக்கிறது. எனக்கு உன்னை நினைத்துப் பயமாக இருந்தது. இன்னும் இருக்கிறது.

மறுநாள் போனேன். அவளுக்கு ஏதோ நீளமான நீல உடுப்புப் போட்டு வாசல் கண்ணாடிக்குள் நிறுத்தியிருந்தார்கள். உடுப்பைப் பார்த்ததும் மூச்சு வந்தது. வரைபடத்தில் காட்டியபடி விளக்கை நேர் மேலே மாட்டி எரியவிட்டேன். கண்ணுக்குக் கீழே பள்ளம் விழுந்தது, உதடு கறுத்தது. ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தோமே, அந்த முகம். உடனே அணைத்துவிட்டேன். விளக்கைக் கழற்றிப் பக்கவாட்டில், கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் இறக்கி மாட்டினேன். போட்டு, அணைத்து, நகர்த்தி, மறுபடி போட்டு. சாயங்காலம் வரை அந்த ஒரு விளக்குதான். காண்டிராக்டர் வந்து "கல்யாணம் பண்ணிக்கப் போறியா அந்த விளக்க?" என்று கத்தினார். இந்த ஒன்றை மட்டும் என் இஷ்டத்துக்கு விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினேன். தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார்.

இத்தனை வருஷம் விளக்கு மாட்டுகிறேன். எரிந்த பிறகு கீழே இறங்கித் தெருவில் நின்று பார்த்தது இதுதான் முதல் தடவை. பள்ளம் போய்விட்டது. கல்லூரியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவாளே, அந்த முகமாக இருந்தது.

ஆனாலும் கெஞ்சிக் கேட்கிறேன், நிறுத்திவிடு. இந்தக் கடை முடிந்ததும் அடுத்த ஊருக்குப் போவேன். அங்கேயும் ஒருவன் பிளாஸ்டிக்கைப் பிரிப்பான். அதற்கடுத்த ஊரிலும் பிரிப்பான். எனக்கு அவள் ஒரு தடவை போனது போதும். ஏணி மேல் நிற்கும்போது ஒவ்வொரு முறையும் இப்படித் தூக்கிவாரிப் போட்டால் ஒரு நாள் நான் மொத்தமாகக் கீழே வந்துவிடுவேன். மிரட்டுவதாக நினைக்காதே. நடக்கிறதைச் சொல்கிறேன்.

பிரஷ்ஷைத் தூக்கிப் போடு என்று எழுதியது கோபத்தில் எழுதியது. அதை நீ என்ன செய்வாயோ செய். முகத்தை மட்டும் நிறுத்து.

கொக்கு


ஏப்ரல் 19

கொக்கு மாமா,

அச்சை உடைத்துவிட்டேன்.

முதலாளியம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ஏம்மா, முதல்லயே சொல்லக்கூடாதா?" என்றார். எனக்கே தெரியாது மேடம் என்றேன். அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "ஊரெல்லாம் அனுப்பிட்டேனே. ஊரெல்லாம் அனுப்பிட்டேனே" என்று இரண்டு தடவை சொன்னார். குடிக்கத் தண்ணீர் எனக்குக் கொடுப்பதா அவர் குடிப்பதா என்று தெரியாமல் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் சொன்னார்: "இந்த முகத்த நிறுத்திடுறேன். ஆனா எனக்கு வேற முகம் வேணும்மா. கடைக்காரங்க கேக்குறாங்க, நான் என்ன சொல்லுவேன்? மாசக் கடைசிக்குள்ள உன்னால ஒண்ணு குடுக்க முடிஞ்சா குடு. முடியலன்னா பழைய சுவத்தப் பார்க்கிற மூஞ்சியே போகட்டும். நீ தேய்ப்புக்குப் போயிக்கோ, உன்னைக் கட்டாயப்படுத்த மாட்டேன்."

அச்சைக் குப்புறக் கவிழ்த்து, மேலே கோணியைப் போர்த்தி, ஸ்பிரே அக்கா பிடித்துக்கொள்ள நான் அடித்தேன். முதல் அடி விழுந்ததும் எனக்குக் காது அடைத்துவிட்டது. எத்தனை அடித்தேன் என்று தெரியாது. அக்கா "போதும்டி, போதும், தரையை உடைக்கிற" என்று என் கையைப் பிடித்தாள். கோணியை நான் தூக்கிப் பார்க்கவில்லை. அவள்தான் வாரிக்கொண்டு போனாள். கடைகளுக்குப் போனவற்றைத் திருப்பி வாங்க முடியாதாம். பெயிண்ட் மங்குகிறவரை நிற்பாள். உங்கள் கடையில் இருப்பவளுக்காவது நல்ல விளக்கு இருக்கிறது.

மறுநாள் புது முகத்துக்கு மண் எடுத்தேன். இதுவரை நான் மண்ணில் செய்ததில்லை, உடைந்ததில் ஒட்டிப் பழகினவள்தான். கை வைத்தேன், பாப்பா வந்தாள். பதறிப்போய் அழுத்திக் கலைத்தேன். அழுத்தின விரல் அடையாளம் அவள் கண்ணிலேயே விழுந்தது. அன்றைக்கு அதற்குமேல் முடியவில்லை. அடுத்த நாள் மூக்கைப் பெரிதாக வைத்தேன், நான் வந்தேன். அதையும் கலைத்துவிட்டுத் தாடையை நீட்டினேன். ஸ்பிரே அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "யாருடி இது, உன் வீட்டுக்காரரா? மீசைதான் பாக்கி" என்றாள். மாமா, சிரித்துவிட்டேன். சிரிப்புச் சத்தம் என்னிடமிருந்துதான் வருகிறது என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அக்காவும் பயந்துபோய்ப் பார்த்தாள்.

என் கைக்குத் தெரிந்தது இந்த வீட்டு முகங்கள் மட்டும்தான். அப்படியென்றால் இது எனக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். உப்புத்தாளை எடுத்துக்கொண்டு பழைய இடத்துக்குப் போய் உட்கார்ந்தேன். தேய்ப்புப் பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள், ஒருத்தியும் கேலி செய்யவில்லை. அரை நாள் தேய்த்தேன். கை தேய்த்தது, நான் அங்கே இல்லை. பாப்பா நம்மை விட்டுப் போன அந்த மாதம் எப்படி இருந்தேனோ அப்படியே இருந்தது. அந்த வெறும் ஆணிக்கு முன்னால் மறுபடி தட்டை வைத்துவிடுவேனோ என்று எனக்கே என்னை நினைத்துக் குலை நடுங்கிவிட்டது. எழுந்துவிட்டேன்.

போகிற வழியில் அலமாரியில் பழைய முகங்கள் நின்றன. பெயிண்டர் அண்ணன் எழுதினவை. எல்லாமே இருபது வயதுப் பெண்கள். இத்தனை வருஷமாகப் பார்க்கிறேன், அன்றைக்குத்தான் உறைத்தது. பொம்மைகளில் ஒன்றுக்கும் வயதாக விடுவதில்லை. எல்லாம் அந்த வயதிலேயே நின்றுவிடுகிறது, பாப்பாவைப் போல.

முதலாளியம்மாவிடம் போய், நாற்பது வயது முகம் ஒன்று செய்யட்டுமா என்று கேட்டேன். "நாப்பது வயசு மூஞ்சிக்கு யாரும்மா துணி மாட்டுவாங்க?" என்றார். பின்னால் நின்ற ஸ்பிரே அக்கா, "ஏன் மேடம், நாங்கல்லாம் துணியில்லாமலா திரியுறோம்?" என்றாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செய், பார்க்கலாம் என்றார்.

இந்தத் தடவை கை அது பாட்டுக்குப் போகவில்லை, மாமா. நான் கூடவே போகிறேன். ஒவ்வொரு இடத்திலும் நின்று, யாரைச் செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டே செய்கிறேன். பாப்பாவைத்தான் செய்கிறேன். பதறாதீர்கள், முழுதும் படியுங்கள். நாற்பது வயதுப் பாப்பா. வேலைக்குப் போய்க் களைத்தவள், கண்ணாடி போட்டுக் கழற்றின தடம் மூக்கில் இருக்கிறவள், யாருக்கோ அம்மாவாக இருக்கிறவள், இல்லையென்றால் பிள்ளை வேண்டாம் என்று சொன்னவள். இந்த முகத்தை நீங்கள் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை. உங்கள் பெட்டியில் இருக்கிற எந்தப் படத்திலும் இது கிடையாது. எந்த ஊரில் எவன் பிளாஸ்டிக்கைப் பிரித்தாலும் உங்களுக்குத் தூக்கிவாரிப் போடாது. யாரோ ஒரு அம்மா நிற்கிறாள் என்று நினைத்து விளக்கைத் திருப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பீர்கள். அவளை உங்களிடம் இப்படிக் கடத்திக் கொண்டுவருகிறேனே என்று பயமாகவும் இருக்கிறது. அதனால்தான் முன்னாலேயே சொல்கிறேன். வேண்டாம் என்றால் எழுதுங்கள், கலைத்துவிடுகிறேன்.

நெற்றி வந்துவிட்டது. கண்ணோரச் சுருக்கம் வந்துவிட்டது. அதைக் கீறும்போது கை நடுங்கியது, ஆனால் சரியாக விழுந்தது. அவளுக்கு வயதாவதை யாரோ என் கண்ணெதிரில் நடத்திக் காட்டுகிற மாதிரி இருந்தது. எழுந்து வெளியே போய்த் தெருவில் நின்றுவிட்டு வந்தேன்.

கன்னத்தில்தான் நிற்கிறேன். என் அம்மா வீட்டுப் பெண்களுக்கு நாற்பதில் கன்னம் ஒட்டிப்போகும். உங்கள் பக்கத்தில் உப்பிக்கொண்டு வரும். எதை வைத்தாலும் பொய்யாக இருக்கிறது. ஈரத் துணி போட்டு மூடி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

நாற்பது வயதில் பாப்பா சிரித்தால் கன்னம் எந்த இடத்தில் மடியும், மாமா?